எங்களையும் கொஞ்சம் பேச விடுங்கள்

ஆன்லைன் பயிற்சி என்றாலே ஆசிரியர்களிடம் இரண்டே பேச்சுதான். ஒன்று, "எல்லாம் வெறும் சடங்கு, எடுத்துத் தொலைங்க." இன்னொன்று, "காலம் மாறிப்போச்சு, நாமும் மாறணும்." ஏற்காட்டு மலையில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரடிப் பயிற்சி என்றால் ஓர் ஆசிரியர் கிளம்பிவிடுவார். மிச்சம் ஒருவர், வகுப்புகள் ஐந்து. அன்றைக்குப் பாடம் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளம்பியவர் பாடும் லேசில்லை. உத்தமசோழபுரத்தில் இருக்கும் டயட்டுக்கு (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) போக முதலில் ஏற்காடு, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம், அங்கிருந்து இன்னொரு பஸ். 2020 அக்டோபரில் மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சியான நிஷ்டா, தீக்ஷா என்ற இணையத் தளத்துக்கு வந்தது கொரோனாவால்தான். ஆனாலும் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு அது உபகாரம். சிக்னல் கதையை விட்டுவிடுகிறேன், மலையில் இருக்கும் எல்லாரும் அதை எழுதியாயிற்று.

என் குறை வேறு. இந்தப் பயிற்சிகளில் பயிற்சி கொடுப்பவர்கள் பேசுகிறார்கள், நாங்கள் பேசுவதே இல்லை. வீடியோ ஓடும், நான்கு விடையில் ஒன்றைத் தொடுவோம், சான்றிதழ் இறங்கும். பல நேரம் விடைகள் அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்து உட்கார்ந்திருக்கும். வேறு பாடத்துக்கு இது போதுமோ என்னவோ, மொழிக்குப் போதாது. தொடக்கப் பள்ளியில் நாங்கள் எல்லாருமே மொழி ஆசிரியர்கள்தான். பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் எங்கே சிக்குகிறது என்று பிடிபடும்.

ஒரு உதாரணம். மாவட்டத்தில் பல ஒன்றியங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர் சின்னதாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கருமந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர், மூன்றாம் வகுப்புப் பையன் வாசித்ததைக் குரல்பதிவாக அனுப்பினார். "நல்லாத்தான் படிக்கிறான், எழுதச் சொன்னா மட்டும் ஒண்ணும் வரல." கேட்டால் சரளமாகத்தான் இருந்தது. வாழப்பாடி அக்கா ஒருவர் மட்டும் சொன்னார்: "தம்பி, குதிரைன்னு இருக்கிற இடத்துல குருவின்னு சொல்லிட்டுப் போறான் பாருங்க. முதல் எழுத்தைப் பார்க்கிறான், மிச்சத்தை ஊகிக்கிறான். படத்தை மறைச்சிட்டு, புதுசா நாலு சொல்லு எழுதிக் கொடுங்க." மறுநாள் படம் இல்லாமல் வாசித்த பதிவு வந்தது. ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கினான். அதற்கப்புறம்தான் பாடம் சரியான இடத்திலிருந்து தொடங்கியது. (பதிவில் பிள்ளையின் பெயர் இருக்காது, கேட்டதும் அழித்துவிடுவோம்.)

ஒரு நிமிடக் குரல்பதிவு சில நூறு கேபிதான். வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும் இடத்திலும் இது போய்ச் சேர்ந்துவிடும்.

பெரிய பயிற்சிகளால் இதைச் செய்ய முடியாதா? முடியும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வரவைக்க 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறோம். நல்ல யோசனை. ஆனால் இந்தப் பிள்ளை ஏன் அரும்பிலேயே நிற்கிறது என்று கேட்க ஆள் வேண்டும். இங்கே மலையாளிப் பழங்குடிப் (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலையிலேயே வாழும் தமிழ் பேசும் மக்கள்) பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் அதிகம். முற்றத்தில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் ஊமையாகிவிடும். நான் பார்த்த எந்தப் பயிற்சி வீடியோவிலும் அந்தப் பிள்ளை இல்லை. பளிச்சென்ற வகுப்பறை, ஒரே வயதுப் பிள்ளைகள், கேட்டவுடன் பதில்!

நேரம் இன்னொரு பிரச்சினை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் வளர்ச்சி என்கிறது. எந்த 50 மணி நேரம்? பகலில் வகுப்பும், எமிஸ் என்ற அரசுத் தளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் வேலையும். மிச்சம் ராத்திரி, அடுப்பை அணைத்த பிறகுதான். வீட்டில் பாதிக் கண்ணோடு முடிக்கிற பயிற்சியும் வேலைதானே? அதை வேலை நேரத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டால் சோம்பேறிப் பட்டம்தான் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்து வீடியோவுக்குப் பதில் ஐந்து போதும். மிச்ச நேரத்தில் ஏழெட்டு ஆசிரியர்களை ஒரு குழுவாக்கி, சொந்த வகுப்பின் பதிவைக் கேட்டுப் பேச விடுங்கள். அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்தால் போதும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் இதை எழுதியே கொடுக்கப் போகிறேன். அதுவரை எங்கள் குழுவில் சேர நினைக்கும் சேலம் மாவட்ட ஆசிரியர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். சான்றிதழ் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.