நகர்ந்ததெல்லாம் விற்பனை அல்ல
ஒரு முகவரியிலிருந்து (கணக்கு எண் போன்றது) பெருந்தொகையாக பிட்காயின் வெளியேறினால் அது விற்கப்பட்டுவிட்டது என்று சமூக ஊடகங்களில் பகிரப்படுகிறது. பிட்காயின் பரிவர்த்தனைகள் அனைத்தும் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயின் காட்டுவது நாணயம் முகவரி மாறியதை மட்டுமே. உரிமையாளர் மாறினாரா, என்ன விலைக்கு என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை. 2024 மே மாத இறுதியில், திவாலான ஜப்பானிய பிட்காயின் பரிமாற்ற நிறுவனம் மவுண்ட் காக்ஸின் முகவரிகளிலிருந்து ஏறத்தாழ 1,40,000 பிட்காயின் நகர்ந்தபோதும் அவை விற்கப்படுகின்றன என்ற அச்சம் பரவியது. உண்மையில் அது, பணம் வரவேண்டியவர்களுக்குத் திருப்பித் தருவதற்கான முன்னேற்பாடாக நடந்த உள்மாற்றம். யாரும் சரிபார்க்கலாம்: பரிவர்த்தனை எண்ணை, பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்க உதவும் மெம்பூல்.ஸ்பேஸ் (mempool.space) தளத்தில் இட்டு, வலப்பக்கத்தில் தெரியும் பெறும் முகவரிகளைத் திறந்து பாருங்கள். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் அனுப்பியவருக்கே திரும்பும் மீதித் தொகையாக இருக்கும். மற்றதில் வந்த தொகை செலவாகாமல் அப்படியே கிடந்தால், அது சந்தைக்குப் போனது என்று சொல்ல அந்தப் பதிவில் ஆதாரமில்லை.