சிமுலேட்டர் வான்சண்டையில் கைவேகம் மட்டும் போதாது
இணையத்தில் மற்றவர்களோடு போர் விமானம் ஓட்டுவதைப் போன்ற கணினி விளையாட்டான சிமுலேட்டர் ஆடும்போது கைவேகமும் விலையுயர்ந்த ஜாய்ஸ்டிக்கும்தான் வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், தனியாகப் பறப்பவருக்குப் பின்னால் எதிரி வந்தது பெரும்பாலும் குண்டு பாய்ந்த பிறகுதான் தெரியும். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூனில் ஜப்பானியரோடு நடந்த மிட்வே கடற்போரில் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் செய்ததைப் பாருங்கள். அவருடைய வைல்ட்கேட் விமானம் ஜப்பானிய ஜீரோ போர் விமானத்தைவிட மெதுவாக மேலேறும், வளைந்து திரும்புவதிலும் பின்தங்கும். ஆனால் அவர் வகுத்த உத்தியில் இரண்டு விமானங்கள் பக்கவாட்டில் இடைவெளி விட்டுப் பறக்கும். ஒன்றின் பின்னால் எதிரி வந்ததும் இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். துரத்தி வருபவன் துணை விமானத்தின் துப்பாக்கிக்கு நேராக வந்து மாட்டுவான். இதை நானும் என் கூட்டாளியும் பழகிய பிறகு, எங்களைவிட நன்றாகப் பறப்பவர்களிடமிருந்தும் பல முறை தப்பியிருக்கிறோம். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் குரல் தொடர்பு தேவையில்லை, தட்டச்சு போதும் என்கிறார். அது சரிப்படாது சார், திரும்பும் நொடியில் கை விசைப்பலகைக்குப் போனால் அவ்வளவுதான். அதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதிலும் பயனில்லை. 'பின்னாடி வர்றான்' என்றால் யாருக்குப் பின்னால்? யாரை எச்சரிக்கிறோமோ அவர் பெயர், 'நாலு மணித் திசை, மேலே' (விமானத்தின் மூக்கு கடிகாரத்தின் பன்னிரண்டு என்றால், நாலு வலப்பக்கப் பின்புறம்), இவ்வளவு சொன்னால் போதும். அப்புறம், இணையத் தாமதம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தாமதம் கூடினால் உங்கள் திரையில் துணை விமானம் தெரியும் இடமும் அவர் உண்மையில் இருக்கும் இடமும் வேறாகிவிடும். அதனால் ஒட்டிப் பறக்காமல் நல்ல இடைவெளி விடுங்கள்.