எதிர்காற்று மலை ஆகாது

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் இது வந்துவிடும்: "நமக்கு எதிர்காற்றுதான் மலை." நாலு வருஷம் நானும் இதையே சொன்னேன், முழுசா நம்பித்தான் சொன்னேன். கார்த்திகை மாசத்தில் விடியுமுன் திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பிப் பாருங்கள். போகும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு வந்த வாடைக்காற்று, வரும்போது கோவளம் தாண்டினதும் முகத்தில் அறையும். முட்டுக்காடு பாலத்தில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாலும் 20 கிலோமீட்டர் வேகத்துக்கே மூச்சு வாங்கும். இதைத் தாங்கின காலுக்கு ஏலகிரி ஒரு பொருட்டா என்று நினைத்துத்தான் போனேன்.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாதி மலை ஏறுவதற்குள் இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் பாரி பெயர் எழுதின பலகைக்குப் பக்கத்தில் காலை ஊன்றி நின்றேன். ஹேண்டில்பாரில் வேர்வை சொட்டுச் சொட்டாக விழுகிறது, பெடல் இன்னொரு சுற்று சுற்ற மறுக்கிறது. எங்கள் குழுவில் 58 வயது அக்கா ஒருவர் உண்டு. அவர் எங்கேயும் காலை ஊன்றாமல், அவசரமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனார். மேலே டீக்கடையில் என் வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்க கால்ல குறையில்ல. வண்டியோட பல்லுலதான் குறை."

அது அப்படியே உண்மை. என் வண்டியில் முன்னால் பெடலோடு சுற்றுகிற பல்சக்கரங்களில் சின்னது 34 பல், பின்னால் இருப்பதிலேயே பெரியது 25 பல். ஒரு முறை பெடல் சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட 2.85 மீட்டர் நகரும். ஏற்றத்தில் வேகம் 8 கிலோமீட்டருக்கு இறங்கும்போது நிமிஷத்துக்கு 46, 47 சுற்றுதான் வரும், ஒவ்வொரு சுற்றும் முழங்காலில் பாறாங்கல்லை வைத்தது மாதிரி. அக்கா வண்டியில் முன்னால் அதே 34, பின்னாலும் 34 பல். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், அதே 8 கிலோமீட்டர் வேகத்தில் 63 சுற்று, ஆனால் ஒவ்வொன்றும் லேசு. அவ்வளவுதான் வித்தியாசம். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டேன், "மெட்ராஸ்ல மேடு எங்க சார் இருக்கு, இதுவே போதும்" என்றார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை. வாங்குகிறவன் ஒரு நாள் மலைக்குப் போவான் என்று ஏன் தோன்றுவதில்லை?

காற்றும் மலையும் ஒன்றில்லை. காற்றில் நீங்கள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் இளகும். 25லிருந்து 18க்கு வந்தாலே கால் தேறிவிடும். முன்னால் ஒருத்தர் போனால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். மலையில் இது எதுவும் நடக்காது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் உங்கள் எடையையும் வண்டியையும் அதே உயரத்துக்குத் தூக்கித்தான் ஆகணும். நடுவில் பெடலை நிறுத்திக் கால் ஆற்றிக்கொள்ளவும் முடியாது, நின்றால் வண்டி சாயும். மாமல்லபுரம் போகிற அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை நமக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கும், நிஜம்தான். ஆனால் தாழ்ந்த கியரில் உட்கார்ந்தபடியே முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் சுற்றுவதை அது கற்றுக்கொடுக்காது.

34 பல் கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போடப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "அது வயசானவங்களுக்குப்பா" என்றார். இந்தப் பேச்சுதான் முழங்கால்களைக் கெடுக்கிறது. தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள், கேசட்டை மட்டும் மாற்றினால் எல்லா வண்டியிலும் வேலை செய்யாது. சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற பின் டீரெய்லர் குட்டையாக இருந்தால் அதையும் நீளமானதாக மாற்ற வேண்டி வரும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பழகுவதற்குப் பரங்கிமலை இருக்கிறது. 300 அடி சொச்சம்தான், ஆனால் செங்குத்து. பூசை நேரத்தைத் தவிர்த்துவிட்டு, மேலே இருக்கிற மாதா கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஆறு தடவை ஏறி இறங்கினால் என்ன கியர் வேண்டும் என்று காலே சொல்லிவிடும்.

அப்புறம் இறக்கம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பிரேக்கைப் பிடித்தபிடியாகவே இறங்கினால் ரிம் கொதித்துவிடும், ட்யூப் வெடித்தாலும் வெடிக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள், ஓரத்து மணலைப் பாருங்கள். ஏறி வருகிற பஸ்ஸுக்கு வழி விடுங்கள், மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை.

தை மாசம் ஏற்காடு போகிறோம், சேலம் பக்கமிருந்து, 20 வளைவு. அக்காவும் வருகிறார். வர நினைக்கிறவர்கள் பின்சக்கரத்துப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிக் கீழே போடுங்கள். எண்ண வரவில்லையா, ஒரு படம் எடுத்துப் போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.