உள்ஓரம் மட்டும் தேய்ந்தால் காரணம் காற்று இல்லை

"முன் டயரின் உள்ஓரம் தேய்வது காற்று குறைவதால்தான், 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏற்றினால் சரியாகிவிடும்" என்று மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் புது டயர் மாட்டிவிடாதீர்கள். காற்று குறைந்தால் இரண்டு ஓரங்களும் தேயும், கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைப் பாருங்கள். ட்ரெட் (டயர் சாலையைத் தொடும் வரிப்பகுதி) மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் திருப்பித் தடவினால் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ கோணம் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தப்பியிருக்கிறது. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் சக்கர பேலன்ஸிங்கையும் பாருங்கள்.

அமெரிக்காவில் ஃபோர்டு ஈ-450 சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) மோட்டார்ஹோம்களில் பரவலாக இருக்கும் எல்டி225/75ஆர்16 அளவு, லோட் ரேஞ்ச் ஈ (சுமை தாங்கும் தரம்) டயரில் அந்த 80 என்பது முழுச் சுமைக்கான அழுத்தம்: தனிச் சக்கரத்துக்கு 2,680 பவுண்டு, இரட்டைச் சக்கரத்தில் ஒவ்வொரு டயருக்கும் 2,470. தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடையை அளந்து பாருங்கள். அதே அச்சில் எடை கூடிய பக்கத்துக்கு டயர் கம்பெனி அட்டவணை சொல்லும் அழுத்தத்தை இரு பக்கமும் வையுங்கள்.

அப்புறம், வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் எண்ணின் (தயாரிப்பு அடையாள எண்) கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள், அதுதான் டயர் தயாரான தேதி. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மோட்டார்ஹோம் பெரும்பாலும் நிற்கிற வண்டி, ட்ரெட் தேயுமுன்பே ரப்பர் கிழடாகிவிடும்.