1988-லேயே நிறுத்தச் சொல்லும் நண்பருக்கு

முந்தாநாள் நான் போட்ட என் ஆல்பம் அலமாரிப் படத்துக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பக் கிளற வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை. "1988-க்கு அப்புறம் வந்த அயர்ன் மெய்டனையும் அடுக்கி வைத்திருப்பவர் இசை கேட்பவர் இல்லை, அட்டை சேர்ப்பவர்." பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டனைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதிய இந்த ஒரு வரி, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்கு நெருக்கமானவர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பேண்டின் ஆல்பங்களை எதுவரை வாங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை வாங்குபவரின் காதுதான் முடிவு செய்ய வேண்டும். பாடகர் மாறினார், கிடாரிஸ்ட் விலகினார் என்ற செய்தியை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஊரே சொல்கிறது என்பதற்காக நிறுத்துவது அதைவிட மோசம்.

இந்த 1988 எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்' ஆல்பம் வந்த வருடம் அது. 1990-ல் கிடாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித் போனார், 1993-ல் பாடகர் புரூஸ் டிக்கின்சன் போனார், அவர் இடத்தில் பிளேஸ் பெய்லி வந்து இரண்டு ஆல்பம் பாடினார், 1999-ல் பழைய இருவரும் திரும்பி வந்தார்கள். இதை வைத்துக் கோடு போடுவது சுலபம். ஆனால் அது ஆட்கள் வந்துபோன கணக்கு. பாட்டைக் கேட்டுப் போட்ட கோடா அது? 'ஃபியர் ஆஃப் த டார்க்' 1992-ல் வந்த ஆல்பம். அதன் தலைப்புப் பாடலைக் கச்சேரியில் பாடும்போது மொத்தக் கூட்டமும் கிடார் மெட்டைச் சேர்ந்து பாடுகிற வீடியோவைப் பகிர்ந்து "உடம்பு சிலிர்க்கிறது" என்று எழுதியவரும் இதே நண்பர்தான். அந்தச் சிலிர்ப்பு 1988-ஐத் தாண்டி நான்கு வருடம் கழித்துப் பிறந்தது என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

ஆள் போனதும் நிறுத்துவதுதான் சட்டம் என்றால் பாடகர் பான் ஸ்காட் இறந்த 1980 பிப்ரவரியோடு ஏசி/டிசியை நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்தே மாதத்தில் 'பேக் இன் பிளாக்' வந்தது. பாடகர் ஓஸி ஆஸ்போர்னை வெளியே அனுப்பிய மறுவருடம் பிளாக் சப்பாத் ரோனி ஜேம்ஸ் டியோவைப் பாட வைத்து 'ஹெவன் அண்ட் ஹெல்' கொடுத்தது. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-ல் விலகியதும் ஜெனிசிஸ் கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 1976-ல் 'எ ட்ரிக் ஆஃப் த டெய்ல்' கிடைத்தது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது, மறுக்கவில்லை. பாடகர் ஜிம் மாரிசன் இறந்த பிறகு டோர்ஸ் போட்ட இரண்டு ஆல்பங்கள் என் அலமாரியில் இல்லை. பாடகர் லூ ரீட் விலகி இரண்டரை வருடம் கழித்து வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பெயரில் வந்த 'ஸ்க்வீஸ்' இல்லை. கேட்டேன், ஒட்டவில்லை, விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு விட்டேன் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காரணம் இருக்கிறது.

எனக்கு அயர்ன் மெய்டனை அறிமுகப்படுத்தியது வேறொரு நண்பர். 'பவர்ஸ்லேவ்' கேசட்டைக் கையில் கொடுத்து, "முழுசா கேளு, நடுவுல நிறுத்தாதே" என்று சொன்னவர். அவர் சொன்னால் எனக்கு வேதம். பிளேஸ் பெய்லி பாடிய 'த எக்ஸ் ஃபேக்டர்', 'வர்ச்சுவல் லெவன்' இரண்டையும் நான் வாங்கி வைத்திருந்த சமயம் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அலமாரியைப் பார்த்தார். "இதையெல்லாமா வச்சிருக்க?" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமே இரண்டையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

'த எக்ஸ் ஃபேக்டர்' எழுபது நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற ஆல்பம். நான் அதில் மூன்று பாட்டுக்கு மேல் கேட்டிருக்கவில்லை. முதல் பாட்டு 'சைன் ஆஃப் த கிராஸ்', பதினொரு நிமிடம். தொடக்கத்தில் துறவிகள் ஓதுவதுபோல வரும் அந்த நீண்ட முனகலைத் தாண்டப் பொறுமை இல்லாமல் அடுத்ததுக்குத் தள்ளியிருக்கிறேன்.

சில வருடம் கழித்து மெய்டனின் 'ராக் இன் ரியோ' கச்சேரி ஆல்பம் வாங்கினேன். 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பதிவு செய்தது. நடுவில் ஒரு பாட்டு வருகிறது. இருட்டுக்குள் இருந்து எழும்பி, அடங்கி, திரும்ப வெடிக்கிறது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்த ஆல்பத்துப் பாட்டு இது என்று உறையைத் திருப்பிப் பார்த்தால், நான் தூக்கிக் கொடுத்த ஆல்பத்தின் முதல் பாட்டு. புரூஸ் டிக்கின்சன் பாடியதால் அது நல்ல பாட்டாகிவிட்டது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பேண்டின் பேஸ் கிடாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதிய அன்றைக்கே அது அப்படித்தான் இருந்தது. கேட்காமல் போனது என் தப்பு. நான் என் காதை நம்பாமல் இன்னொருவர் முகத்தைப் பார்த்தேன்.

அந்த ஆல்பத்தைத் திரும்ப வாங்கினேன், 'வர்ச்சுவல் லெவ'னையும் கூடவே. பெய்லியின் குரல் கனமானது, கீழ் சுரங்களில் நிற்பது. டிக்கின்சனுக்காக எழுதிய பழைய பாடல்களை அவர் மேடையில் பாடும்போது உச்சத்தில் தடுமாறினார், உண்மைதான். ஆனால் ஹாரிஸின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த சமயத்தில் உருவான அந்த இருண்ட ஆல்பத்துக்கு அந்தக் குரல்தான் பொருந்துகிறது. அவரை இன்னும் "தப்பான ஆள்" என்று சொல்லிச் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ விட்டுப்போன இடத்தில் வந்து நின்றார், கொடுத்த வேலையை முழு மூச்சாகச் செய்தார். அது ஒரு குற்றமா?

சரி, நீ எங்கேதான் நிறுத்துவாய் என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். புது ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே உறையைக் கிழிக்கிறேனா? ஒரு மாதம் கழித்தும் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தால் அடுத்ததை வாங்குவதில்லை. மெட்டாலிகா பேண்ட் எனக்கு அப்படித்தான் முடிந்தது. 2008-ல் வந்த 'டெத் மேக்னடிக்' பாடல்கள் பிடித்திருந்தன. ஆனால் ஒலியை அந்த அளவுக்கு ஏற்றி, இரைச்சலாக நெரித்து வைத்திருந்ததில் காது வலித்தது. அதே பாடல்கள் 'கிடார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இதைவிடச் சுத்தமாகக் கேட்டன என்று அப்போது ரசிகர்களே கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள். எட்டு வருடம் கழித்து அடுத்த ஆல்பம் வந்தபோது வாங்கினேன். மாதக்கணக்கில் பிரிக்கவே இல்லை. 2023-ல் வந்ததை வாங்கவில்லை. அதற்காக "மெட்டாலிகா 1991-லேயே செத்துவிட்டது" என்று யார் படத்துக்குக் கீழேயும் போய் எழுத மாட்டேன். 1996-ல் வந்த 'லோட்' வழியாக உள்ளே வந்து, அங்கிருந்து பின்னோக்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வாசல்.

"எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே" என்பவர்கள் அங்கேயே கேளுங்கள், நல்லது. கேளுங்கள் என்றுதானே நானும் சொல்கிறேன்.

"இடமும் பணமும் வேண்டாமா" என்பது நியாயமான கேள்வி. எனக்கும் தட்டுப்பாடுதான், பல ஆல்பங்களை விட்டிருக்கிறேன். என்னால் வாங்க முடியவில்லை என்று சொல்வது வேறு, அது வாங்கத் தகுந்ததே இல்லை என்று சொல்வது வேறு. அடுத்து "பேர் போட்டிருந்தால் எதையும் வாங்குகிற கூட்டம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மேலே விட்டுவிட்டேன் என்று சொன்னவற்றைத் திரும்பப் படிக்கட்டும். அப்புறம், அப்படியே ஒருவர் அயர்ன் மெய்டனின் 1980-ல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2021-ல் வந்த 'சென்ஜுட்சு' வரை பதினேழையும் வரிசையாக வைத்திருந்தால்தான் என்ன? ஒரு குரலுக்கு வயதாவதைக் கூடவே இருந்து கேட்பதும் இசை கேட்பதுதான். 2015-ல் வந்த 'த புக் ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தைப் பாடி முடித்த பிறகுதான் டிக்கின்சனின் நாக்கில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதன் கடைசிப் பாட்டு பதினெட்டு நிமிடம், அவர் தனியாக எழுதியது, பியானோவில் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் அவர் குரல் நுழையும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதைப் போய் அட்டை என்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசுக்குள்ளேயே கிடக்கும். முந்தாநாள் சிரிப்புக் குறி போட்டவர்களில் அந்தக் கேசட்டைக் கொடுத்த நண்பரும் இருந்தார். முழுசா கேளு என்று சொன்னவர். இரண்டு நாளாக அவர் பேரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி 'வர்ச்சுவல் லெவன்' எடுத்து முழுவதும் ஓட விட்டேன். 'த ஏஞ்சல் அண்ட் த கேம்ப்ளர்' இப்போதும் பிடிக்கவில்லை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக் கிட்டத்தட்டப் பத்து நிமிடம் இழுக்கிறார்கள். 'த கிளான்ஸ்மேன்' வந்ததும் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது. முடிந்ததும் எடுத்து 'த எக்ஸ் ஃபேக்ட'ருக்கும் அடுத்து வந்த 'பிரேவ் நியூ வேர்ல்டு'க்கும் நடுவில், அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.