அது வழி தவறி வரவில்லை

மூன்று நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை நானும் ஒருமுறை பகிரப் போவதில்லை. வேலியோரக் கிளையில் இருந்த தேவாங்கைப் பிய்த்தெடுத்து, அதன் முகத்துக்கு நேராக இரண்டு செல்போன் வெளிச்சத்தைப் பாய்ச்சிவிட்டு, "மீட்டுவிட்டோம்" என்று அறிவித்திருக்கிறார்கள். எதிலிருந்து மீட்டார்கள்? அது தன் வீட்டில் இருந்தது.

மடகாஸ்கரின் லெமூர்களுக்குத் தூரத்து உறவான இந்த உயிர், பகலெல்லாம் முட்புதரில் சுருண்டு கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு எறும்பும் வண்டும் தேடிக் கிளை கிளையாகக் கைபற்றி நகரும். அதற்கு வாலும் இல்லை, தாவவும் வராது. ஆபத்து என்றால் ஓடாமல் அப்படியே உறைந்துவிடும். அந்த உறைதலைத்தான் "எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது" என்று மெச்சுகிறீர்கள். தாய்த் தேவாங்கு குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரைக்குப் போகும் வழக்கம் உண்டு. பிடிபட்டது தாயா என்று யாராவது பார்த்தீர்களா?

அய்யலூர்ப் பக்கம் என் தாத்தாவின் தோட்டத்தில் தேவாங்கு பார்க்கப் போவதென்றால், டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட பிறகுதான் போக வேண்டும். ஒருநாள் உடைமரத்தில் இருந்த ஒன்று தன் மூத்திரத்தையே கைகால்களில் தேய்த்துக்கொண்டதைக் கண்டு நான் சிரித்துவிட்டேன். கடிக்கிற பூச்சிகளின் எரிச்சலுக்காக அப்படிச் செய்யலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதைப் பின்னாளில்தான் படித்தேன். தாத்தா அன்று என் வாயைப் பொத்தினாரே தவிர, மரத்தின் மேல் கையே வைக்கவில்லை.

"சாலையில் அடிபட்டிருக்குமே" என்கிறார்கள். நியாயம்தான். சாலை நடுவில் கண்டால் வண்டியை நிறுத்துங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆனால் இது வேலியில் இருந்தது. தாவ வராத உயிர் தரையில் இறங்குவதே, இருபுறமும் கிளைகோத்து நின்ற மரங்களை நாம் வெட்டியதால்தான். "2022-இல் கடவூரில் 11,806 ஹெக்டேர் சரணாலயம் கொடுத்தாயிற்றே" என்பவர்களுக்கு: கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அமைந்த அது, இந்தியாவில் தேவாங்குக்கென்றே வந்த முதல் சரணாலயம், எனக்கும் பெருமைதான், ஆனால் அதன் எல்லைக்கல்லைத் தேவாங்கு படித்துப் பார்ப்பதில்லை. "மனுசனுக்கே இடமில்லை" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று எனக்கில்லை. 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இதுவும் இருக்கிறது என்பதை மட்டும் மீட்பு வீரர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

இதையே மூன்று வரியில் அந்தக் காணொளிக்குக் கீழே எழுதினேன். "தேவாங்குக்காக ஒரு தேவாங்கே பேசுகிறது" என்று பதில் வந்தது, அதற்குக் கீழே சிரிப்பு பொம்மைகள். ஒல்லிக் கையும் பெரிய கண்ணுமாக இருந்த எனக்குப் பள்ளியில் வைத்த பெயரும் அதுதான். வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் ஒருவரும் அப்படித்தான் கூப்பிட்டார். எனக்கு அது பழகிவிட்டது, விடுங்கள். மருந்துக்கென்றும் மாந்திரீகத்துக்கென்றும் தேவாங்கின் கண்ணைப் பிடுங்கியவர்களும் இதே கேலியோடுதான் அதைக் கையில் எடுத்திருப்பார்கள்.

காணொளியின் கடைசி நொடிகளில் அதன் விரல்கள் அந்த இளைஞரின் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. "பாசத்தைப் பாருங்கள்" என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். கிளையிலிருந்து பிய்த்தெடுத்தால், கைக்கு எது அகப்பட்டாலும் அது அப்படித்தான் பிடிக்கும்.