கணக்கில் வராத தங்கமீன்கள்

(பாளையங்கோட்டை. ஐப்பசி மழை விட்ட ஒரு மாலை. கோமதி அக்கா வீட்டுப் புறவாசலில் ஆறடிக்கு நாலடியாக ஒரு குளம். குளம் என்று சொல்வது அக்காதான். மற்றவர்களுக்கு அது அல்லி முளைத்த பெரிய தொட்டி. மதில்மேல் பக்கத்து வீட்டு முருகேசனின் தலை முளைக்கிறது.)

முருகேசன்: அக்கா, ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. உங்கள் குளத்தில் யாரோ விடிய விடியப் பழைய ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கோமதி: அது மாப்பிள்ளைத் தவளை தம்பி. மழை கண்டால் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிடும். தொண்டைக்கு இரு பக்கமும் நீலமாக இரண்டு பை உப்பும். பெண் கிடைக்கிற வரைக்கும் கூப்பிடுவதை நிறுத்தாது.

முருகேசன்: எத்தனை நாளாகப் பெண் பார்க்கிறது?

கோமதி: மூன்று நாள். உனக்கு மூன்று வருடம் பார்த்தோம். தெருவே பொறுத்துக்கொள்ளவில்லையா?

முருகேசன்: இதன் காலைத்தானே அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்?

கோமதி: 1987இல் அதற்குத் தடை வந்துவிட்டது. ஆசையை விடு.

முருகேசன்: (குரலைத் தாழ்த்தி) அது கிடக்கட்டும். வீட்டில் தொட்டி உடைந்த அன்று என் மகனின் தங்கமீன் மூன்றை உங்களிடம் விட்டேனே, நன்றாக இருக்கின்றனவா? பார்க்க வேண்டும் என்கிறான். பரீட்சை முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கோமதி: (அவசரமாகக் குனிந்து) இங்கே பார், அல்லித் தண்டில் ஒட்டியிருக்கிறதே, தட்டான் கழற்றிப் போட்ட சட்டை! தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்தது, ராத்திரி மேலே ஏறி வந்து, முதுகு வெடித்து, தட்டானாகப் போய்விட்டது. ஆறு காலும் தண்டைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறது பார், உள்ளே ஆள்தான் இல்லை. தட்டானில் ஓர் இனம் மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரைக்கும் கடல் தாண்டிப் போகிறதாம்.

முருகேசன்: மீனும் ஆப்பிரிக்கா போய்விட்டதா அக்கா?

கோமதி: அவ்வளவு தூரம் இல்லை. ஒன்று முருங்கை மரம் வரைக்கும் போயிற்று. மீன்கொத்தி கூட்டிக்கொண்டு போயிற்று.

முருகேசன்: கூட்டிக்கொண்டா?

கோமதி: கிளையில் துணி துவைப்பதுபோல நாலு அடி அடித்துவிட்டுத்தான் விழுங்கியது. இரண்டாவது, மடையான் கொக்கு. கரையில் அசையாமல் மண் நிறத்தில் நின்றது. பழைய துடைப்பம் என்று நினைத்து எடுக்கவே போய்விட்டேன். வெள்ளைவெளேர் என்று சிறகை விரித்துப் பறந்தபோதுதான் விளங்கியது. வாயில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று.

முருகேசன்: ஏதோ ஒன்றா! ஒவ்வொன்றும் ஐம்பது ரூபாய்! மூன்றாவதாவது... (எட்டிப் பார்த்து) அது என்ன, இலைக்கு நடுவில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு?

கோமதி: மூன்றாவதைச் சாப்பிட்டவர். தண்ணீர்ப் பாம்பு. விஷம் கிடையாது.

(முருகேசனின் தலை மறைகிறது. மதிலுக்கு அப்பால் வாளி உருளும் சத்தம்.)

கோமதி: பிடித்தால் கடிக்கும், ஆனால் விஷம் கிடையாது!

முருகேசன்: (குரல் மட்டும்) எனக்கு அந்த 'ஆனால்' போதவில்லை அக்கா! எங்கிருந்து வந்தது?

கோமதி: தவளைச் சத்தம் கேட்டு வந்திருக்கும். அது கூப்பிட்டது பெண்ணை, வந்தது இவர். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் நம் மாப்பிள்ளை ஆள் பருமன். வாய்க்குள் அடங்காது என்று பார்த்துவிட்டு மீனோடு நிறுத்திக்கொண்டார்.

முருகேசன்: பையனிடம் என்ன சொல்வேன்?

கோமதி: அவனுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வந்து நோட்டில் கணக்கு எழுதுகிறவனே அவன்தானே. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் அத்தை, காசு கொடுத்து வாங்கியவர், தாங்க மாட்டார்" என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறான்.

(தலை மெதுவாக மறுபடி முளைக்கிறது.)

முருகேசன்: என்ன கணக்கு?

கோமதி: (துளசி மாடத்துக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்து, கண்ணாடியைச் சரி செய்து) செவ்வாய், மீன்கொத்தி ஒன்று. வியாழன், கொக்கு ஒன்று. சனி, பாம்பு ஒன்று. நாங்கள் பூஜ்யம்.

முருகேசன்: கீழே ஏதோ எழுதியிருக்கிறதே?

கோமதி: "பாம்பைத் தேடிக் கீரி வந்திருக்கிறது. இப்போது எங்கள் வீட்டு மதிலடியில் இருக்கிறது."

(வாளி மறுபடி உருள்கிறது.)